தீ கற்பித்த பாடமும் ஆறு கற்பிக்கும் பாடமும்

எரிமலைகள் நிறைந்த சுமத்திராவும் சாவகமும் அண்டையில் இருப்பினும், மலாயாத் தீபகற்பத்தில் கனலும் எரிமலை ஒன்றும் இல்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக்கூடச் சுமத்திராவே பெருமளவு தடுத்துநின்றது. ஆதலின் இயற்கையின் சீற்றம் நம்மை அணுகாது என்று எண்ணுவோர் உளர். கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறோ வேறு கூறுகின்றது.

கோலாலம்பூர் என்னும் பெயரே ஒரு சான்று. கோலா என்பது ஆறுகள் கூடுமிடம். லும்பூர் என்பது சேறு. 1857இல் ஈயம் தேடிக் கிள்ளான் ஆற்றில் படகேறி வந்த சீனத் தொழிலாளர், கோம்பாக் ஆறு வந்து கலக்குமிடத்தில் கரையிறங்கினர். அதற்கு மேல் படகு செல்வது அரிது. ஆகவே அங்கேயே ஊர் எழுந்தது. ஊரை வாழவைத்த ஆறே பின்னர் அதன் பகையுமாயிற்று.

1881ஆம் ஆண்டு இவ்வூருக்குப் பொல்லாத ஆண்டு. சனவரியில் எழுந்த பெருந்தீ, மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கட்டிய வீடுகளைச் சாம்பலாக்கியது. அவ்வாண்டின் இறுதியிலேயே பெருவெள்ளம் புகுந்தது. 1882இல் சிலாங்கூர் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், 1884இல் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்டடம் எழுப்புக என ஆணையிட்டார். செங்கல்லுக்குத் தேவை பெருகிற்று. கப்பித்தான் யாப் ஆ லோய் நகரின் தென்புறத்தே செங்கற் சூளை அமைத்தார். அச்சூளைகளின் பெயரையே பிரிக்பீல்ட்ஸ் இன்றும் தாங்கி நிற்கின்றது. பின்னர் இரயில்வே தொழிலாளராகவும் எழுத்தராகவும் வந்த தமிழரும் ஈழத்தமிழரும் அங்கே குடியேறினர்.

தீயின் பாடத்தை ஊரார் கற்றனர்; வெள்ளத்தின் பாடத்தைக் கற்றனரா? ஈயச் சுரங்கங்கள் கழித்த மணலும் சேறும் ஆற்றுப்படுகையை மேடாக்கின. மேற்புறத்துக் காடுகள் அழிந்தன. 1926இல் நகரம் நீரில் மூழ்கியது. 1971 சனவரியில் மீண்டும் மூழ்கியபோது கோலாலம்பூரில் 32 பேர் மாண்டனர். ஏறத்தாழ 1,80,000 மக்கள் துன்புற்றனர்.

அதன்பின் ஆறு அகலப்படுத்தப்பட்டது. வெள்ளத்தேக்கக் குளங்கள் எழுந்தன. 2007இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கவழி திறக்கப்பட்டது. பெருமழைக் காலத்தில் வெள்ளநீரை நகரின் நடுப்பகுதிக்கு வராமல் திருப்புவது அதன் பணி. ஆயினும் 2021 டிசம்பரில் ஒருமாத மழை ஒரே நாளில் கொட்டியபோது, ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் வீட்டுக் கூரைகளில் ஏறி உதவிக்குக் காத்திருந்தனர். நாடெங்கும் 50க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இவ்வேறுபாட்டின் காரணம் யாது? தன் கூரையை ஓடாக மாற்றுவது ஒவ்வொரு வீட்டுக்காரனின் கையில் உள்ளது. ஆறு அத்தகையதன்று. மேலே ஒருவன் குன்றைக் குடைந்தால், மண் கீழே வேறொருவன் வாசலில் வந்து படிகின்றது. தலைநகரின் நீரை விரைந்து கீழே விட்டால், அது கிள்ளானை நோக்கிப் பாய்கின்றது. அங்கே கடல் ஏற்றம் எதிர்கொண்டால் வடிவதற்கு வழியில்லை. சுரங்கவழி நடுநகரைக் காக்கும், தாழ்நிலத்தானைக் காப்பதில்லை.

மழை இயற்கையின் செயல். அம்மழை எவர் வீட்டில் புகவேண்டும் என்பதைப் பெரிதும் வகுப்பது மனிதனே. 1884இல் கூரைக்கு ஒரு சட்டம் போதுமானதாயிற்று. ஆற்றுக்கோ, அம்பாங்கு முதல் கிள்ளான் வரை வாழ்வோர் அனைவரையும் ஓரூராராக எண்ணும் நெறி வேண்டும். அதுவரை, வெள்ளத்தின் கணக்கைத் தாழ்நிலத்து ஏழைகளே செலுத்திவருவர்.