மறுத்த கையே சூட்டிய மகுடம்

பிறப்பே பட்டம் தருகிறது என்பர். பிறப்பா? சேப்பாக்கத்து மாளிகையைக் கேட்டால் வேறு கதை சொல்லும்!

1801-இல் கர்நாடக ஆட்சியைக் கிழக்கிந்தியக் கும்பெனி பறித்துக்கொண்டது. நவாபுக்கு எஞ்சியவை பட்டமும் படித்தொகையுமே. 1855-இல் நவாப் குலாம் கௌஸ் கான் ஆண் வாரிசின்றி மறைந்தார். சிற்றப்பர் அசீம் ஜா இருந்தார். நவாப் சிறுவனாயிருந்தபோது அவருக்காகப் பொறுப்பு வகித்தவரும் அவரே. ஆயினும், "உரிமை இல்லை" என்றது டல்ஹௌசியின் ஆட்சி. மாளிகையும் அரசின் உடைமையாயிற்று.

முறையிட்டார், மேலும் முறையிட்டார் அசீம் ஜா. 1867-இல் விக்டோரியா அரசியின் பட்டயம் வந்தது: இவர் ஆற்காட்டு இளவரசர், இவர்தம் வழியினரும் அவ்வாறே! 1855-இல் ஓடாத அரசகுருதியா 1867-இல் ஓடிற்று? குருதி அதுவே, புதிதாய் ஓடியது மை! அதுவும் எத்தகைய பட்டம்? நாடும் இல்லை, மேலே அரசனும் இல்லை. இளவரசர் மட்டும் உண்டு!

நாடில்லா முடி பிறநாட்டிலும் உண்டு. தென் அமெரிக்கப் பொலிவியாவில், அடிமைகளாய்க் கொணரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழிவந்தோர், முருராத்தா சிற்றூர் உழவர் ஜூலியோ பினேடோவுக்கு 1992-இல் முடி சூட்டினர். 2007-இல் லா பாஸ் மாநில ஆட்சி அதனை ஏற்றது. அங்கே முடி சூட்டியவை அடிமைப்பட்டோர் வழிவந்த கைகள். இங்கே சூட்டியதோ நம்மை அடிமைப்படுத்தியோர் கை!

1971-இல் மன்னர் மானியம் ஒழிந்தது. ஆற்காட்டுப் பட்டம் அந்தச் சட்டத்தில் அகப்படவில்லை. இராயப்பேட்டை அமீர் மகாலில் அது இன்றும் வாழ்கிறது. விக்டோரியா எழுதிய படித்தொகையைக் குடியரசின் கருவூலம் அளந்துகொண்டிருக்கிறது.