கடலாற்றலை அளந்த கதை

எங்கள் ஊராகிய குமாரலிங்கபுரம், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியைச் சேர்ந்தது. ஐப்பசி மழை தவறினால் கரிசலில் பருத்தியும் கம்பும் கருகும். கண்மாயில் ஆடுமாடுகள் நடந்து செல்லும். இத்தகைய ஊரில் பிறந்தவன் கடலாற்றலைப் பற்றிப் பேச முன்வருவது நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் உண்டு. சிறுவயதில் என் பாட்டனார் என்னைத் தூத்துக்குடிக்கு அழைத்துச் சென்றார். முதன்முதலாகக் கடலைக் கண்டு நான் மலைத்து நின்றேன். அவரோ முகத்தைச் சுளித்து, "இம்புட்டுத் தண்ணி கிடக்கு, ஒரு சொம்பு மோந்து குடிக்க ஆகாது" என்றார். அவ்வளவு பெரிய பொருள் மனிதனுக்கு எந்த அளவுக்குப் பயன்படும் என்ற கேள்வி அன்றே என் உள்ளத்தில் விழுந்தது.

கடலிலிருந்து ஆற்றல் பெறப் பல வழிகள் உள்ளன. அவற்றுள் மூன்றினை இன்று எடுத்துக்கொள்கிறேன்: ஓதம், அலை, நீரின் வெப்பம். ஓதத்தைப் பற்றி நாம் நெடுநேரம் பேச வேண்டியதில்லை. பிரான்சு நாட்டில் ரான்சு ஆற்றின் கழிமுகத்தில் 1966-இல் 240 மெகாவாட் திறனுள்ள ஓத மின்நிலையம் எழுந்தது. அங்கே ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள உயர வேறுபாடு சராசரியாக 8 மீட்டர். நம் மன்னார் வளைகுடாவிலோ அது ஒரு மீட்டர் அளவே. தேக்கிய நீரின் ஆற்றல் அவ்வுயரத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். உயரம் எட்டில் ஒரு பங்கானால், அதே பரப்பில் கிடைக்கும் ஆற்றல் அறுபத்து நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆதலின் இந்தியாவில் ஓதம் என்றால் காம்பே, கட்சு வளைகுடாக்களையும் வங்கத்துச் சுந்தரவனத்தையுமே சுட்டுவர். அங்கும் திட்டங்கள் பல தீட்டப்பட்டன. ஒன்றும் மின்நிலையமாக எழவில்லை.

அலையின் வரலாறு இன்னும் சுவையானது. பாண்டியர் செப்பேடுகள் போர்க்களமாகக் கூறும் விழிஞத்தை நேயர்கள் அறிவார்கள். திருவனந்தபுரத்தை அடுத்த அத்துறைமுகத்தில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 1991-இல் ஓர் அலை மின்நிலையத்தை இயக்கத் தொடங்கினர். அதன் உச்சத்திறன் 150 கிலோவாட். அமைப்பு எளிது. நீருக்குள் வாய் திறந்த ஒரு பெரிய கான்கிரீட் அறை. அலை உள்ளே ஏறும்போது அறையில் உள்ள காற்று மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. இறங்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கொல்லன் துருத்தியைப் போன்றதே இது. காற்று எத்திசையில் வீசினாலும் ஒரே திசையில் சுழலும் டர்பைனை பெல்பாஸ்டுப் பேராசிரியர் ஆலன் வெல்சு முன்னரே உருவாக்கியிருந்தார். அதுவே இங்கு உதவிற்று. ஆனால் நம் அலைகள் பருவத்திற்குக் கட்டுப்பட்டவை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்களில் பொங்கும் கடல், மற்றத் திங்களில் சோம்பிக் கிடக்கும். மானாவாரி உழவனுக்கு இது புதிய செய்தியன்று! விழிஞத்து நிலையம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்பட்டது; ஊருக்கு விளக்கேற்றும் நிலையை அடையாமலே ஓய்ந்தது.

இனி நான் விரித்துரைக்க விரும்பும் மூன்றாம் வழிக்கு வருவோம். வெயிலில் காயும் வெப்பக்கடலின் மேல்நீர் ஏறத்தாழ 28 டிகிரி செல்சியசு வெப்பத்தில் இருக்கும். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் உள்ள நீரோ ஏழு, எட்டு டிகிரிதான். இந்த இருபது டிகிரி வேறுபாட்டைக்கொண்டு ஓர் எந்திரத்தை ஓட்டலாம் என்று 1881-இல் பிரெஞ்சு அறிஞர் தார்சன்வால் எடுத்துரைத்தார். அவருடைய மாணவர் ஜார்ஜ் குளோது, நியான் விளக்கை உலகுக்குத் தந்தவர், அதைச் செய்து காட்டப் புறப்பட்டார். கியூபாவின் மட்டன்சாசு விரிகுடாவில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள குழாயை இறக்க முயன்றார். முதற்குழாய் கடலோடு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது நிலைத்தது. 1930-இல் 22 கிலோவாட் மின்சாரம் பிறந்தது. எனினும் நீரை இறைக்கச் செலவான ஆற்றல் அதைவிட மிகுதி. சிறிது காலத்தில் புயல் வந்து அக்குழாயையும் கொண்டுசென்றது.

இதில் அடங்கிய இயல்பைச் சற்று நோக்க வேண்டும். வெப்ப வேறுபாடு இருபது டிகிரியே ஆதலால், வெப்பத்தில் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் வேலையாக மாற்ற எந்த எந்திரத்தாலும் இயலாது. நடைமுறையில் மூன்று பங்கு கிடைத்தால் பெரிது. ஆகவே ஆற்றுப் பெருக்கைப் போல நீரை ஏற்றி இறக்கியாக வேண்டும். அந்தப் பெருக்கைச் சுமக்கும் குளிர்நீர்க் குழாயே இத்தொழிலின் உயிர்நிலை.

இந்தியாவில் இம்முயற்சி 1980-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிற்று. 1993-இல் சென்னையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் தோன்றியபின் அது வேகம் பெற்றது. ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தோடு இணைந்து, அம்மோனியாவை ஆவியாக்கி டர்பைனைச் சுழற்றும் 1 மெகாவாட் நிலையம் ஒன்றை 'சாகர் சக்தி' என்ற மிதவைக் கலத்தில் அமைத்தனர். தெரிந்தெடுத்த இடம் நம் தூத்துக்குடிக்குத் தென்கிழக்கே உள்ள ஆழ்கடல். அந்த 1 மெகாவாட்டில் ஏறத்தாழ பாதி நீரிறைக்கவே போய்விடும் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. ஆயிரம் மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் விட்டமும் உள்ள பிளாஸ்டிக் குழாயைக் கடலில் செங்குத்தாக நிறுத்த வேண்டும். 2000-ஐ அடுத்த சில ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் முயன்றனர். குழாய் நிற்கவில்லை. குளோதுவுக்கு நேர்ந்ததே எழுபது ஆண்டுகளுக்குப் பின் இங்கும் நேர்ந்தது. பணம் கடலில் கரைந்தது என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. இரண்டு முறை விதைத்து இரண்டு முறையும் காய்ந்த நிலத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான்; அந்த ஏளனத்தில் சேர எனக்கு மனம் வரவில்லை.

அவ்வறிஞர்கள் செய்தது யாது? மின்சாரத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து, அதே இயல்பைக்கொண்டு குடிநீர் எடுக்க முனைந்தனர். காற்றை வெளியேற்றி அழுத்தம் குறைத்த கலத்துள் மேற்பரப்பு நீரைச் செலுத்தினால், அது கொதிகலமின்றியே ஆவியாகும். ஆழத்துக் குளிர்நீர் அவ்வாவியைத் தூய நீராக்கும். இலட்சத்தீவின் கவரத்தியில் 2005-இல் நாளொன்றுக்கு 1 இலட்சம் லிட்டர் நன்னீர் தரும் நிலையம் இவ்வாறு எழுந்தது. பவளத்தீவின் கரை செங்குத்தாக இறங்குவதால், 350 மீட்டர் ஆழம் அங்கே கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. ஆகவே நெடுங்குழாய் தேவைப்படவில்லை. 2011-இல் மினிக்காய், அகத்தித் தீவுகளும் அதே வழியில் நீர் பெற்றன.

இப்போது கணக்கைப் பார்ப்போம். கடல்வெப்பத்தால் இந்தியா 1,80,000 மெகாவாட் பெறலாம் என்று ஏடுகள் கூறும். ஓதத்தால் 12,455 மெகாவாட் என்று 2014-ஆம் ஆண்டு ஆய்வு கூறிற்று. இவை கடலில் உள்ளது எவ்வளவு என்று சொல்பவை. கரைக்கு வருவது எவ்வளவு என்று சொல்பவை அல்ல. 2022 நவம்பரில் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தார் தூத்துக்குடிக்கு 6 கிலோமீட்டர் தொலைவில் 'சிந்துஜா' என்னும் அலைமிதவையை நிறுத்தினர். அது தந்தது 100 வாட். எங்களுக்கு அண்டையிலுள்ள கமுதியிலோ, 2016-இல் எழுந்த சூரிய மின்நிலையத்தின் திறன் 648 மெகாவாட். இரண்டையும் அருகருகே வைத்து நகைப்பது எளிது. ஆனால் சூரியத் தகடும் தொடக்கத்தில் கைக்கடக்கமான சிறு துண்டாகவே இருந்தது. எனினும் இன்றைய நிலையில், மின்சாரத்தைவிடத் தீவுகளின் குடிநீரே நம் கடலாராய்ச்சியின் மெய்யான விளைவு என்பது என் கருத்து.

கவரத்திச் செய்தியை ஊரில் என் அத்தையிடம் சொன்னேன். "கரிக்குமா?" என்று கேட்டார்.

"இல்லை அத்தை, நல்ல தண்ணீர்தான்."

"அப்ப நமக்கும் ஒரு குழாய் போடச் சொல்லேன்."

நம் கரையோரக் கடல் ஆழமற்றது என்பதையும், ஆழ்நீர் நமக்கு எத்தனை தொலைவு என்பதையும் விளக்கத் தொடங்கினேன். பாதி கேட்டவர், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் நடந்துவிட்டார்.