கையை உதறினா கத்தி பாயும்... பயம் குறையுமா?

சர்வைவல் ஹாரர் கேமான ‘ரெசிடென்ட் ஈவில் 4’, 2005-ல் கேம்கியூபுக்கு வந்தப்போ ஸ்டிக்கைத் திருகித்தான் குறிபார்க்கணும். அதுக்குள்ள கோடரியோட கிராமத்துக்காரன் பக்கத்துல வந்துடுவான். 2007-ல் வெளியான வீ பதிப்புல, ரிமோட்டை டி.வி பக்கம் நீட்டினாலே போதும்; உதறினா கத்தி பாயும்.

இதுதான் பெஸ்ட்டுன்னு பலர் கொண்டாடினாங்க. குறி இவ்ளோ சுலபமானா பயம் எப்படிங்க வரும்னு சிலர் முகம் சுளிச்சாங்க. ரெண்டுமே நியாயம்தான். ஆனா, துப்பாக்கியைத் தூக்கினா நடக்க முடியாதுங்கிற பழைய விதி இதுலயும் மாறலை. என்னைக் கேட்டா, பாதி பயம் அங்கதானுங்க இருக்கு.

கோவையில செகண்ட் ஹேண்ட் வீ தேடுறவங்க கவனிங்க: ரிமோட்டோட நஞ்சக்கும் வேணும், நடக்க அதுதான். பிடிக்கலைன்னா கேம்கியூப் கன்ட்ரோலரையும் செருகலாம். 2011-ல் வந்த மாடல்ல அதுக்கு இடமில்லை.