மண்ணுக்குள் கிடந்த ஈயக் குண்டுகள்

உழுத நிலத்தில் ஓர் ஈய உருண்டை கிடைத்துவிட்டால், "இது திப்பு சுல்தான் காலத்துக் குண்டு" என்று உடனே சொல்லிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். அப்படிச் சொல்லிவிட இயலுமா என்பதை அமெரிக்காவின் நியூஜெர்சியிலுள்ள மான்மவுத் போர்க்களத்தில் நடந்த ஆய்வைக் கொண்டு பார்ப்போம்.

1778 ஜூன் 28 அன்று அங்கே வாஷிங்டனின் படையும் ஆங்கிலேயப் படையும் கொடும் வெயிலில் மோதின. இரு நூற்றாண்டுகளுக்குப் பின் டேனியல் சிவிலிச் என்பவரும் அவருடைய தோழர்களும் உலோகம் கண்டறியும் கருவிகளுடன் அந்நிலத்தை ஆராய்ந்தனர். கிடைத்த குண்டுகளில் பல நசுங்கியிருந்ததால் விட்டத்தை அளக்க வழியில்லை. ஆனால் நசுங்கினாலும் எடை பெரிதும் குறையாது. கிராம் கணக்கிலான எடையின் கனமூலத்தை 0.2232 ஆல் பெருக்கினால் அங்குலத்தில் பழைய விட்டம் கிடைக்கும் என்று சிவிலிச் வகுத்தார். வார்க்கும்போது உள்ளே தங்கும் காற்றுக் குமிழிகளுக்கும் கலப்புக்கும் இடம் விட்டே அவ்வெண் அமைந்துள்ளது.

29.5 கிராம் குண்டு ஏறக்குறைய 0.69 அங்குலம், அது 0.75 அங்குலக் குழல் கொண்ட ஆங்கிலேயரின் 'பிரவுன் பெஸ்' துப்பாக்கிக்கு உரியது. 22.5 கிராம் என்றால் 0.63 அங்குலம், 0.69 அங்குலக் குழல் கொண்ட பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு உரியது. வெடிமருந்துக் கரி படிந்த குழலிலும் விரைந்து திணிப்பதற்காகவே குண்டைச் சிறியதாக வார்த்தனர். நசுங்கியது சுடப்பட்ட குண்டு. வார்ப்பு விளிம்புடன் உருண்டையாகவே இருப்பது பெரும்பாலும் படைவீரன் கைதவறவிட்டது. ஆகவே அவன் நின்ற இடத்தையும் அது காட்டிக்கொடுக்கும். பல் தடம் பதிந்த குண்டுகளைக் காயமுற்றோர் வலியால் கடித்தவை என்று வெகுகாலம் நம்பினர். அவற்றில் பல பின்னாளில் பன்றிகள் மென்றவை என்று தெரியவந்தது!

ஆண்டைக் கணிப்பதுதான் கடினம். பிரவுன் பெஸ் 1720களிலிருந்து நூறாண்டுக்கு மேல் புழங்கியது. கூம்பு வடிவ மீனியே குண்டு 1849-க்குப் பிறகே வந்தது. எனவே உருண்டைக் குண்டு பெரும்பாலும் அதற்கு முந்தியது என்ற அளவே துணிபு. மேலும் 1803 முதல் ஆங்கிலேயர் பயன்படுத்திய ஷ்ராப்னல் பீரங்கிக் குண்டுகளுக்குள்ளும் இத்தகைய உருண்டைகள் நிறைந்திருந்தன.

1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதிய பறங்கிப்பேட்டைப் பகுதியில் ஒரு குண்டு கிடைத்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும். கைப்பற்றிய துப்பாக்கியை வென்றவர் பயன்படுத்துவது எக்காலத்திலும் உண்டல்லவா? உடன் கிடைத்த பொத்தானும் காசும், கிடைத்த இடமும் ஆழமுமே சாட்சிகள். தோண்டி எடுத்து வீட்டு அலமாரியில் வைத்துவிட்டால் அச்சாட்சிகள் அழிந்துபோகும்.

1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். ஈயம் நஞ்சு, குழந்தைகள் கையில் விளையாடக் கொடுத்தல் கூடாது.