கோணல் மரத்துக்கு வந்த மவுசு

பேச்சிப்பாறை அணை மேல் நின்று பாருங்கள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் முழுக்க மலையும் காடும்தான். திருவிதாங்கூர் அரசு இந்த அணையைக் கட்டி முடித்தது 1906-ல். அதற்குச் சரியாக நூறு வருடம் முன்பு, இதே மலைத்தொடரின் காடுகள் மேல் வெள்ளைக்காரர் கண் விழுந்தது. 1806-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, கேப்டன் வாட்சன் என்ற போலீஸ் அதிகாரியை மலபார், திருவிதாங்கூர் பகுதிக் 'காடுகளின் காப்பாளர்' ஆக்கியது. இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். பெயர்தான் காப்பாளர். வேலை, கப்பலுக்குத் தேக்கு வெட்டி அனுப்புவது!

நெப்போலியனோடு சண்டை. இங்கிலாந்தில் ஓக் மரம் தட்டுப்பாடு. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கிலேயே போர்க்கப்பல் கட்டித் தந்தார்கள். தனியார் யாரும் தேக்கு வெட்டக் கூடாது என்று 1807-ல் தடை வேறு. மர வியாபாரிகளும் நிலக்காரர்களும் புகைந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் 1823-ல், கவர்னர் தாமஸ் மன்றோ காலத்தில், அந்தப் பதவியே ஒழிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. வாசல்காலுக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கும் கோணல் மரத்துக்குத்தான் கப்பல் தச்சரிடம் தனி மவுசு. நம் கட்டுமரத்துக்கு விலா எலும்பு கிடையாது. பெரிய கப்பலுக்கு உண்டு. நேர் மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுந்துபோகும், விலா பலமிழக்கும். மரமே வளைந்து வளர்ந்திருந்தால் நாரும் கூடவே வளையும். அதனால் காட்டுக்குள் கோணல் தேடி அலைந்தார்கள்.

அப்புறம் இரும்பு வந்தது. மரம் மாதிரி தானாக வளைந்து முளைக்காதே! உலையில் காய்ச்சி, ஓட்டை போட்ட இரும்பு மேடையில் முளைகளை நட்டு, அடித்து வளைத்தார்கள். பிறகு மெஷின் வைத்துப் பச்சையாகவே வளைத்தார்கள். ஆனால் சரியாக வளைந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

அதற்கு ஒரு தந்திரம். பி.காம். படித்த எனக்கே புரிந்தது, உங்களுக்குப் புரியாதா? நேரான இரும்புப் பட்டையின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு வளைந்த கோடு போடுவார்கள். பட்டை வளைய வளைய, கோடு நிமிரும். நூல் பிடித்துப் பார்க்கும்போது கோடு நேர்க்கோடாகிவிட்டால் வேலை முடிந்தது. இரும்பு கொஞ்சம் திமிறிப் பின்வாங்கும் என்பதால் கை எடுத்த பிறகும் ஒருமுறை பார்ப்பார்கள்.

அந்தத் தலைகீழ்க் கோட்டைக் கணக்குப் போட, கப்பலின் வளைவுகளை ஒரு பெரிய கூடத்தின் தரையில் நிஜ அளவிலேயே வரைந்தார்கள். இப்போது அந்த வேலை கம்ப்யூட்டருக்கு. விலாவுக்கு 'ஸ்டிஃப்னர்' என்று பெயர். கப்பல் உடம்பில் அது ஓடும் பாதை, பட்டையின் அகலம், எந்தப் பக்கம் நிற்க வேண்டும்... இவ்வளவும் சொன்னால் வெட்ட வேண்டிய நீளமும் தலைகீழ்க் கோடும் வந்துவிடும். சொல்வதில் பிசகினால்? 20 சென்டிமீட்டர் அகலப் பட்டையை 3 மீட்டர் ஆரத்தில் கால் வட்டமாக வளையுங்கள். வெளி ஓரம் 4.71 மீட்டர், உள் ஓரம் 4.40 மீட்டர். எந்த ஓரத்தை அளந்தீர்கள் என்பதில் கிட்டத்தட்ட ஒரு அடி துண்டு விழும்! கொச்சியில் கட்டிய விக்ராந்த் (262 மீட்டர், 2022-ல் கடற்படையில் சேர்ந்தது) மாதிரிக் கப்பலில் இப்படி எத்தனை பட்டைகள் இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இந்த வகை சாஃப்ட்வேரில் ரொம்பப் பேர் வாங்கியது 'டிரைபான்'. ஸ்வீடனின் மால்மோ நகரில் இருந்த காக்கம்ஸ் கப்பல் கட்டும் தளத்தில் பிறந்த சரக்கு அது. 1980-களில் அங்கே வணிகக் கப்பல் கட்டுவது நின்றுபோனது. தளத்தின் ராட்சத கிரேன் 2002-ல் தென்கொரியாவின் ஹூண்டாய்க்கு விற்கப்பட்டது. விலை? ஒரே ஒரு டாலர்! கொரியாவில் அந்தக் கிரேனுக்கு 'மால்மோவின் கண்ணீர்' என்று பெயர். இரண்டு வருடம் கழித்து, அவேவா என்ற பிரிட்டிஷ் கம்பெனி டிரைபானை வாங்கியது. அதை ஒரு டாலருக்குக் கொடுக்கவில்லை.