பழக்கத் தளையும் மனமாற்றமும்: அகுஸ்தீனார் வரலாறு காட்டும் உண்மைகள்

1. முன்னுரை

தீய செயலை ஒருமுறை செய்தல் வேறு. அதனை விட்டொழிக்க வேண்டுமென்று விரும்பிய பின்னரும் விடமாட்டாது மீண்டும் மீண்டும் செய்தல் வேறு. முன்னையது பிழை, பின்னையது தளை. அறநூல்கள் பலவும் பிழையைக் கடிந்து விலக்குகின்றன. தளையின் இயல்பை ஆராய்ந்து காட்டும் நூல்கள் சிலவே. திருவள்ளுவர் கள்ளுண்ணாமையையும் சூதையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்து, அவை மாந்தரைப் பற்றிக்கொள்ளும் திறத்தைப் புலப்படுத்தியிருத்தலைத் தமிழறிஞர் நன்கறிவர். மேலை உலகில் இப்பொருளைத் தம் வாழ்க்கையையே சான்றாக வைத்து ஆராய்ந்தவருள் தலைசிறந்தவர் புனித அகுஸ்தீனார் ஆவர். அவர் வரலாற்றில் பழக்கம் தோன்றிய முறை, அது தளர்ந்த முறை, தளர்ந்த பின்னும் தொடர்ந்த போராட்டம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்து, கிறித்தவ நம்பிக்கை அதில் என்ன பணி செய்தது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அகுஸ்தீனார் கி.பி. 354ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இக்காலத்து அல்ஜீரியா நாட்டைச் சார்ந்தது. தந்தையார் பத்ரிசியுஸ், தாயார் மோனிக்கா. கார்த்தேஜ் நகரில் கல்வி கற்றுச் சொற்கலை ஆசிரியராகிய அவர், 383இல் உரோமைக்கும் 384இல் மிலான் நகருக்கும் சென்றார். 387இல் ஆயர் அம்புரோசியாரிடம் திருமுழுக்குப் பெற்றார். பின்னர் ஹிப்போ நகரின் ஆயராகி, அந்நகரை வந்தாலர் முற்றுகையிட்டிருந்தபோது 430இல் மறைந்தார். அவர் ஏறத்தாழ 397க்கும் 401க்கும் இடையில் எழுதிய 'கன்பெசியோனெஸ்' என்னும் இலத்தீன் நூல் பதின்மூன்று பகுதிகளை உடையது. இத்தலைப்பை 'அறிக்கைகள்' எனத் தமிழாக்கலாம். மூலச்சொல்லோ பாவத்தை ஒப்புக்கொள்ளுதல், இறைவனைப் புகழ்ந்து அறிக்கையிடுதல் ஆகிய இரு பொருளையும் ஒருங்கே தருவது. குற்றத்தைச் சொல்லுதலும் அருளைப் போற்றுதலும் ஒரே சொல்லில் அடங்கியிருத்தல் நூலின் போக்கை உணர்தற்குத் திறவுகோல் எனலாம்.

2. பழக்கம் தோன்றும் முறை

நூலின் எட்டாம் பகுதியில் அகுஸ்தீனார் தளையின் கண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டுகிறார். கோணிய விருப்பத்திலிருந்து இச்சை பிறக்கின்றது. இச்சைக்குப் பணிந்துவர அது பழக்கமாகின்றது. பழக்கத்தை எதிர்க்காமல் விடின் அது தவிர்க்கவியலா நிலையாக இறுகுகின்றது. இந்நான்கும் வளையத்தோடு வளையம் கோத்தாற்போல் தொடர்ந்து நிற்றலின், அவர் இதனைச் சங்கிலியாக உருவகிக்கின்றார். ஈண்டுக் கருதத்தக்கது யாதெனில், சங்கிலியைச் செய்தவன் பிறன் அல்லன் என்பதே. தன் விருப்பத்தால் தானே செய்த கண்ணிகள் பின்னர்த் தன் விருப்பத்திற்கு அடங்குவதில்லை.

இக்கொள்கைக்கு அந்நூலிலேயே எளிய சான்றொன்று உள்ளது. அது மோனிக்காவின் இளமையைப் பற்றியது. வீட்டாருக்காகத் திராட்சை மதுவை முகந்து வரும் பணி சிறுமியாகிய அவரிடம் விடப்பட்டிருந்தது. முதலில் விளையாட்டாக உதட்டின் நுனியால் மட்டும் சுவைத்தார். அதன்மேல் அப்போது விருப்பமும் இல்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டியமையால், நிறை கிண்ணத்தை ஆவலோடு பருகும் நிலை வந்தது. வீட்டிலிருந்த முதிய பணிப்பெண்ணின் கண்டிப்பும் இதனைத் தடுக்கவில்லை. பழக்கம் பெரிய தீர்மானத்தால் வருவதன்று, சிறிய இசைவுகளின் தொகையால் வருவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3. மூவர், மூன்று வழிகள்

'அறிக்கைகள்' மூவருடைய பழக்கங்களை விரித்துரைக்கின்றது. மோனிக்காவின் மதுப் பழக்கம், நண்பர் அலிப்பியுசின் காட்சி வெறி, அகுஸ்தீனாரின் காமப் பழக்கம் என்பன அவை. மூன்றும் விட்டொழிந்த முறையை ஒப்புநோக்குதல் பயன் தரும்.

மோனிக்காவை விடுவித்தது பகைமையில் பிறந்த ஒரு சொல்லாகும். உடன் செல்லும் பணிப்பெண் ஒருநாள் பூசலிட்டு, அவரைக் குடிகாரி என்னும் பொருள்பட இகழ்ந்தாள். அச்சொல் உள்ளத்தில் தைக்கவே, மோனிக்கா தம் நிலையின் இழிவைக் கண்டு அன்றே அதனைக் கைவிட்டார். இகழ்ந்தவள் திருத்தும் எண்ணம் கொண்டவள் அல்லள், புண்படுத்தவே எண்ணினாள். அவள் சினத்தையும் இறைவன் மருந்தாக்கினான் என்பது அகுஸ்தீனார் கூறும் விளக்கம்.

அலிப்பியுசின் வரலாறு வேறுபட்டது. அவர் கார்த்தேஜில் தேரோட்டக் காட்சிகளில் மயங்கிக் கிடந்தார். அகுஸ்தீனார் வகுப்பில் பாடம் சொல்லுங்கால், அலிப்பியுசை எண்ணாமலேயே அக்காட்சிப் பித்தரை எள்ளி ஓர் உவமை கூறினார். அது தம்மை நோக்கியது என்று கொண்ட அலிப்பியுஸ் அப்பழக்கத்தை விட்டார். ஆயினும் கதை அவ்வளவில் முடியவில்லை. சட்டம் பயில உரோமைக்குச் சென்ற அவரை உடன்பயிலும் மாணவர் சிலர் வாட்போர் அரங்கிற்கு வலிந்து இழுத்துச் சென்றனர். உடலை இழுக்கலாம், உள்ளத்தை இழுக்க இயலாது என்று செருக்கோடு கூறி அவர் கண்களை மூடிக்கொண்டு அமர்ந்தார். போரில் ஒருவன் வீழ்ந்தபோது எழுந்த பேராரவாரம் செவி வழியே புகுந்து அவர் கண்களைத் திறந்தது. குருதியைக் கண்டவர் அவ்வெறியைப் பருகினார். பின்னர்ப் பிறரையும் தாமே அழைத்துச் செல்லும் நிலையை அடைந்தார். அவர் கண்ணை மூடினார், காதை மூடவில்லை என்று அகுஸ்தீனார் நயம்படச் சுட்டுகின்றார். தன் வலிமையில் வைத்த நம்பிக்கையே வீழ்ச்சிக்கு வாயிலாயிற்று என்பது அவர் கருத்து. ஒருமுறை விடுபட்டவரும் மீண்டும் வீழ்தல் கூடும் என்பதை மறையாது எழுதியமை இந்நூலின் நேர்மைக்குச் சான்றாகும்.

இனி அகுஸ்தீனாரின் நிலையைக் காண்போம். இளமையில் கற்பொழுக்கத்தை இறைவனிடம் வேண்டியபோதே, அவ்வேண்டுகோள் விரைவில் நிறைவேறிவிடுமோ என்றும் அஞ்சியதாக அவர் எழுதுகின்றார். அறிவு தெளிந்த பின்னரும் விருப்பம் இரண்டாகப் பிளந்து நின்றது. மனம் உடலுக்கு ஆணையிட்டால் கை உடனே அசைகின்றது. மனம் தனக்கே ஆணையிட்டால் அது பணிய மறுக்கின்றது. இவ்வியப்பை அவர் நுணுகி ஆராய்கின்றார். அவர் முன்னர்ச் சார்ந்திருந்த மனிக்கேயர், இதனை நல்லியல்பு, தீயியல்பு என்னும் இரு பொருள்களின் போர் என்பர். அகுஸ்தீனார் அதனை மறுத்தார். விரும்பியவரும் விரும்பாதவரும் தாம் ஒருவரே என்றார். இம்மறுப்பு பொறுப்பைத் தன்மேல் ஏற்பதாகும்.

386ஆம் ஆண்டு கோடையில் போந்தித்தியானுஸ் என்பவர், எகிப்தியத் துறவி அந்தோனியாரைப் பற்றியும், அவர் வரலாற்றைப் படித்து அரசுப்பணி துறந்த இருவரைப் பற்றியும் எடுத்துரைத்தார். அதனைக் கேட்டு உள்ளம் கலங்கிய அகுஸ்தீனார், மிலானில் தாம் தங்கிய இல்லத்துத் தோட்டத்தில் அழுதிருந்தபோது, எடுத்துப் படிக்குமாறு பணிக்கும் பிள்ளைக் குரல் ஒன்று அயல் வீட்டிலிருந்து கேட்டது. பவுலடியாரின் நூலைத் திறந்தார், உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகார இறுதி கண்ணிற்பட்டது, ஐயம் அகன்றது. இந்நிகழ்ச்சியே உலகறிந்தது.

மூன்று வரலாறுகளுக்கும் பொதுவாவது ஒன்று உண்டு. மூவரும் தனித்திருந்து தம் உறுதியால் மட்டும் விடுபட்டாரல்லர். ஒவ்வொருவருக்கும் வெளியிலிருந்து ஒரு சொல் வந்தது. பகைவரின் வசையாகவோ, ஆசிரியரின் உவமையாகவோ, குழந்தையின் குரலாகவோ அது வந்தது. அருள் என்று அகுஸ்தீனார் பெயரிடுவது இவ்வெளிவரவையே. அவ்வருள் மனிதரின் வாய்வழியாக வந்தது என்பதும் நோக்கத்தக்கது.

4. தோட்டத்திற்குப் பின்

மிலான் தோட்டத்து நிகழ்ச்சியோடு போராட்டம் முற்றிற்று என்று கருதுவோர் பலர். நூலின் பத்தாம் பகுதி அக்கருத்தை மறுக்கின்றது. ஆயராகிவிட்ட அகுஸ்தீனார் தம் அன்றைய நிலையை அதில் ஆராய்கின்றார். பழைய காட்சிகள் கனவில் வந்து வருத்துகின்றன. உணவு எங்குத் தேவையாக நின்று எங்கு இன்பமாகின்றது என்பது விளங்கவில்லை. இசையின் இனிமை பொருளை மறைத்துவிடுகின்றது. வீண் ஆர்வமும் புகழ் விருப்பும் நாள்தோறும் சோதிக்கின்றன. திருமுழுக்குப் பெற்றுப் பத்தாண்டு கழிந்த ஓர் ஆயர், தாம் இன்னும் நோயாளியே என்று தம் மக்கள் படிக்க எழுதினார்.

அவருடைய மறையுரை ஒன்று இதனினும் எளிய சான்றைத் தருகின்றது. ஆணையிட்டுப் பேசும் தீய வழக்கம் தமக்கும் இருந்தது என்றும், இறையச்சத்தால் அதனோடு போராடி வென்றதாகவும் அவர் மக்களிடம் ஒப்புக்கொண்டார். அவர் வரலாற்றை எழுதிய பொசிதியுஸ், ஆயரோடு ஒருங்கு வாழ்ந்து உண்ட குருமாருள் ஆணையிட்டவர் தமக்குரிய மதுக் கிண்ணங்களில் ஒன்றை இழக்கும் விதி இருந்ததைக் குறிக்கின்றார். உயர்ந்த அருட்கொள்கையை வகுத்த ஆசிரியரின் இல்லத்தில் இத்தகைய சிறு விதியும் இருந்தது. அருளை நம்பியவர் ஒழுங்கைக் கைவிடவில்லை என்பது இதனால் பெறப்படும்.

தனிவாழ்வை அவர் விரும்பாமையும் ஈண்டுக் கருதற்குரியது. 386இன் இலையுதிர் காலத்தில் தாய், மகன், நண்பர், மாணவர் ஆகியோருடன் காசிசியாக்கும் என்னும் இடத்தில் தங்கினார், 388இல் தகாஸ்தேக்குத் திரும்பி நண்பரோடு கூடி வாழ்ந்தார், ஹிப்போவிலும் அவ்வாறே. பழைய கூட்டத்தாலேயே அலிப்பியுஸ் வீழ்ந்தார். ஆதலின் புதிய பழக்கத்திற்குப் புதிய கூட்டம் வேண்டியதாயிற்று.

இவ்விடத்தில் ஆய்வாளர் மறைக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. அகுஸ்தீனாரோடு பல்லாண்டு வாழ்ந்து அதேயோதாத்துஸ் என்னும் மகனை ஈன்ற பெண், அவருக்குத் தக்க மணம் பேசப்பட்டபோது ஆப்பிரிக்காவிற்கு அனுப்பப்பட்டார். மகன் தந்தையிடமே தங்கினான். அப்பெண்ணின் பெயரை நூல் கூறவில்லை. தம் நெஞ்சு கிழிந்து குருதி சிந்தியதாக அகுஸ்தீனார் எழுதுகின்றார். ஆயினும் மணப்பெண் வயதெய்தும்வரை காத்திராமல் வேறொருத்தியை நாடியதையும் ஒப்புக்கொள்கின்றார். ஒருவர் விடுதலையின் விலையை மற்றொருவர் செலுத்தியதை இவ்வரலாறு தன்னையறியாமல் பதிவு செய்துள்ளது.

5. முயற்சியும் அருளும்

பெலாஜியுஸ் என்னும் துறவி, பத்தாம் பகுதியில் வரும் ஒரு வேண்டுதலைக் கேட்டுச் சினந்தார். கட்டளையிடும் இறைவனே அதனை நிறைவேற்றும் ஆற்றலையும் தருக என்னும் கருத்துடையது அது. இது மக்களைச் சோம்பலில் ஆழ்த்தும் என அவர் அஞ்சினார். அவரும் பழக்கத்தின் வலிமையை அறியாதவர் அல்லர். நெடுநாட் பழக்கம் இயற்கை போலவே ஆகிவிடுகின்றது என்று தெமெத்ரியாஸ் என்னும் நங்கைக்கு எழுதிய திருமுகத்தில் ஒப்புக்கொள்கின்றார். ஆயினும் மனிதனுக்கு இறைவன் தந்த இயற்கை ஆற்றலே அதனை மாற்றப் போதும் என்றார். 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியக் கொள்கையை விலக்கியது.

எகிப்தியத் துறவிகளிடம் பயின்று தென் பிரான்சின் மார்செய் நகரில் மடங்கள் நிறுவிய காசியான் வேறொரு நெறியைப் பேணினார். எவாக்ரியுஸ் வகுத்த எட்டுத் தீய எண்ணங்களை அவர் இலத்தீன் உலகிற்குத் தந்து, ஒவ்வொன்றற்கும் உரிய மருந்தையும் கூறினார். பெருந்தீனி முதலாகச் செருக்கு ஈறாகிய அவ்வரிசையில், உடலைச் சார்ந்தது முன்னும் உள்ளத்தைச் சார்ந்தது பின்னும் நிற்கின்றன. முயற்சியும் அருளும் கலந்தே செயற்படும் என்பது காசியான் கருத்து. கொள்கையளவில் அகுஸ்தீனாரோடு வேறுபட்டாலும், ஹிப்போ ஆயரின் உணவு மேசையை நோக்கின் நடைமுறையில் இருவரும் பெரிதும் விலகியிருந்தாரல்லர்.

6. ஒரு பிற்காலச் சோதனை

மனமாற்றம் எல்லாப் பழக்கத்தையும் ஒருங்கே களைந்துவிடுமா என்னும் வினாவிற்குப் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயராகிய ஜான் நியூட்டன் வரலாறு கடுமையான விடை தருகின்றது. 1748இல் கடற்புயலில் சிக்கி உயிர் தப்பிய அவர் இறைவனை நோக்கித் திரும்பினார். இழிமொழி பேசும் கொடும் பழக்கம் அன்றே நீங்கியது. அடுத்த பயணத்திலேயே பிற தீமைகளில் மீண்டும் வீழ்ந்து, நோயுற்ற பின் திருந்தினார். ஆயினும் 1750 முதல் 1754 வரை அடிமை வாணிகக் கப்பல்களின் தலைவராக அவர் மூன்று பயணங்கள் சென்றார். அத்தொழில் தீது என்னும் எண்ணம் அக்காலத்துத் தமக்குத் தோன்றவில்லை என்று அவரே பின்னர் எழுதினார். 1764இல் குருவானார். 1788இல்தான் அவ்வாணிகத்தின் கொடுமையை வெளிப்படுத்தி நூல் வெளியிட்டுத் தம் பங்கையும் ஒப்புக்கொண்டார். 1807 மார்ச்சில் பிரித்தானிய நாடாளுமன்றம் அவ்வாணிகத்தைத் தடை செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் மறைந்தார்.

நாவின் பழக்கம் ஒரு நாளில் நீங்கிற்று. நாட்டின் பழக்கத்தைப் பழக்கமென்று உணரவே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. எல்லாரும் செய்வதைத் தீமையென்று காட்டும் வெளிச்சொல் எளிதில் வருவதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் கப்பல்களில் விலங்கிடப்பட்டுச் சென்றோர்க்கு அவருடைய தனிவாழ்வின் தூய்மையால் யாதொரு பயனும் விளையவில்லை.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை: பழக்கம் சிறுசிறு இசைவுகளால் இறுகுவது. அதனை அவிழ்க்கத் தன் உறுதி மட்டும் போதாது. தன்னைத் தனக்குக் காட்டும் சொல்லும், தாங்கும் கூட்டமும் வேண்டும். அவிழ்ந்த பின்னரும் நாள்தோறும் விழிப்பும் ஒழுங்கும் வேண்டும். மீண்டும் வீழ்தல் இவ்வழியில் நிகழக்கூடியதே. அலிப்பியுசும் நியூட்டனும் வீழ்ந்து எழுந்தவர்களே. கிறித்தவ நம்பிக்கை இவ்வரலாறுகளில் செய்த பெரும்பணி, தளையுற்றவன் தன் நிலையை மறைக்காமல் ஒப்புக்கொள்ளும் துணிவைத் தந்தமையாகும். ஒப்புக்கொண்டாலும் தள்ளப்படுவதில்லை என்னும் உறுதியிலிருந்து அத்துணிவு பிறந்தது.

மிலான் தோட்டத்தை மட்டும் படிப்பவர், தம் வாழ்வில் அத்தகைய கணம் வாராமை கண்டு சோர்வர். வந்தும் மீண்டும் வீழ்ந்தவர் நம்பிக்கையே இழப்பர். எட்டாம் பகுதியைப் பத்தாம் பகுதியோடு சேர்த்துக் கற்றலே அகுஸ்தீனாருக்கு நாம் செய்யும் நீதியாகும்.