கவனிக்காத யானையும் குருஷேவின் ஒரு வாக்கியமும்

ரஷ்ய மொழி பேசுறவங்க ஆங்கிலம் கத்துக்கும்போது எந்த இடியம்ல அதிகமா வழுக்குவாங்கன்னு நினைக்கிறீங்க? விசித்திரமா இருக்கறதுலதானே? எனக்கு அப்படித் தோணலை.

உதாரணத்துக்கு, மேடை ஏறப்போகும் நடிகரிடம் ஆங்கிலத்தில் ‘காலை உடைச்சுக்கோ’ என்பார்கள். வாழ்த்துதான். ரஷ்யர் இதில் குழம்பவே மாட்டார். பரீட்சைக்குப் போகும் பிள்ளையிடம் அவர்கள் ஊரில் ‘ரோமமும் கிடைக்காம, இறகும் கிடைக்காம போகட்டும்’ என்று அர்த்தம் வரும் ஒரு தொடரைச் சொல்வார்கள். வேட்டைக்காரர்களிடமிருந்து வந்தது. நல்லதை வாய்விட்டுச் சொன்னால் திருஷ்டி பட்டுவிடும் என்ற பயம். அதற்குப் பதில் ‘நன்றி’ இல்லை, ‘பிசாசுகிட்ட போ’!

சிக்கல் யானையில் இருக்கிறது. 1814-இல் இவான் கிரிலோவ் ஒரு நீதிக்கதை எழுதினார். ஒருவன் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள குன்ஸ்ட்காமரா அருங்காட்சியகத்தை மூன்று மணி நேரம் சுற்றிப் பார்க்கிறான். வண்டு, ஈ, பட்டாம்பூச்சி என்று எல்லாவற்றையும் வர்ணிக்கிறான். ‘யானையைப் பார்த்தியா?’ என்று நண்பன் கேட்டால், அதை மட்டும் கவனிக்கவில்லையாம். தஸ்தயேவ்ஸ்கி தன் நாவலில் போகிற போக்கில் குறிப்பிடும் அளவுக்கு அந்த யானை ரஷ்ய மொழியில் ஊறிப்போனது.

ஆங்கிலத்திலும் யானை உண்டு, ‘அறைக்குள் இருக்கும் யானை’. ஆனால் இதை எல்லாரும் பார்க்கிறார்கள், யாரும் வாய் திறப்பதில்லை. நம் ஊரில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்களே, அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர்களின் நிலைமை. லண்டன் ஆபீஸ் மீட்டிங்கில் ஒருவர் இதைச் சொன்னால், ‘எதையோ கவனிக்காம விட்டுட்டோம்போல’ என்று ரஷ்யர் நினைத்துக்கொள்வார். அகராதியைப் புரட்டவும் மாட்டார். தெரிந்த யானைதானே!

அகராதி இல்லாமலும் இல்லை. அலெக்சாந்தர் கூனின் தொகுத்த ஆங்கில-ரஷ்ய மரபுத்தொடர் அகராதி 1950-களிலேயே வந்துவிட்டது. அதே காலத்தில்தான் இதே வழுக்கல் எதிர்த் திசையில் நடந்தது. இந்த முறை ஆபீஸ் மீட்டிங் இல்லை, அணு ஆயுத வல்லரசுகள்.

1956 நவம்பர் 18. மாஸ்கோவில் போலந்து தூதரகத்தில் ஒரு விருந்து. ஹங்கேரிக் கிளர்ச்சியை சோவியத் டாங்கிகள் நசுக்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மேற்கத்தியத் தூதர்களைப் பார்த்து குருஷேவ், வரலாறு எங்கள் பக்கம் என்று சொல்லிவிட்டு மூன்று சொல் சேர்த்தார். மொழிபெயர்ப்பாளர் விக்தோர் சுகோதரேவுக்கு 23 வயது. சின்ன வயதில் லண்டனில் வளர்ந்தவர், ஆங்கிலத்தில் குறையே சொல்ல முடியாது. ‘உங்களைப் புதைப்போம்’ என்று அப்படியே மாற்றினார். நேட்டோ நாட்டுத் தூதர்கள் எழுந்து வெளியேறினார்கள்.

சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் குருஷேவ் சொன்ன தொடருக்கு, ‘உங்க சாவுக்கு நாங்க வந்து நிப்போம்’ என்ற சாயலும் உண்டு. நம்ம வீட்டுப் பெருசுங்க ‘உங்களையெல்லாம் அனுப்பி வெச்சுட்டுத்தான்டா நான் போவேன்’ என்பார்கள் இல்லையா? அதைக் கேட்டு யாரும் போலீசுக்குப் போவதில்லை. முதலாளித்துவம் தானாகச் சாகும், நாங்கள் மிஞ்சுவோம் என்கிற மார்க்சிய நம்பிக்கையைத்தான் குருஷேவ் வீட்டுப்பேச்சில் சொன்னார் என்பது என் வாசிப்பு. அதற்காக அவரை அப்பாவி ஆக்கவும் முடியாது. புடாபெஸ்டில் அத்தனை பேர் செத்த மாதத்தில் வாயில் வரும் பேச்சா அது?

1963-இல் யூகோஸ்லாவியாவில் அவரே விளக்கினார். மண்வெட்டி எடுத்துப் புதைக்கப் போவதில்லை, உங்கள் தொழிலாளர்களே உங்களைப் புதைப்பார்கள் என்றார். ஏழு வருடம் தாமதம். 1985-இல் ஸ்டிங் ‘ரஷ்யன்ஸ்’ என்ற பாட்டை வெளியிட்டபோது, அதிலும் அந்தப் பழைய வாக்கியம்தான் இருந்தது, விளக்கம் இல்லை.